பதில் போடும் அக்கா

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருந்தார். அவரிடம் துணி கொடுத்த எல்லோரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். அவருக்குப் போன் செய்த யாரும் திட்டியதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். பேசி முடித்து வந்து உட்காரும்போது, எந்தத் துணியில் கை வைத்திருந்தோம் என்பது மறந்து போயிருக்கும். புதிதாக ஒன்றை எடுத்து வெட்ட ஆரம்பிப்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது இதை அவருக்கு அனுப்பிவைப்பார்கள். அவர் படித்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் போடுவார். அவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 'நீங்கள் அழைத்த நபர் தற்போது வேறு அழைப்பில் இருக்கிறார்' என்று பதிவுசெய்த குரல் சொல்லுமே, அதற்குக்கூட, "சரிங்க, நான் பெறகு பண்ணிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

"அக்கா, அது மிஷின் பேசுறது" என்றேன் ஒருமுறை.

"தெரியும் தம்பி. அதுக்காகப் பட்டுனு வெச்சா நல்லாவா இருக்கும்?"

கடன் வேண்டுமா என்று கேட்டு எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் கூப்பிடும். நாமெல்லாம் முதல் வார்த்தையிலேயே அறுத்துவிடும் அழைப்பு அது. அக்கா, "கடனெல்லாம் வேணாம்மா. கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு, சாப்ட்டியா?" என்று ஆரம்பிப்பார். அந்தப் பெண் அந்த வேலையை விட்டுப் போகிற அன்று அக்காவுக்குப் போன் செய்து சொல்லிக்கொண்டு போனதாம். இதை அக்காவே சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

ராங் நம்பர் கதை இன்னும் மோசம். குளத்தூரிலிருந்து ஒருவர் மைக்செட்காரருக்குப் போட்ட போன் அக்காவுக்கு வந்துவிட்டது. 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்திருக்கலாம். என்ன விசேஷம், எந்த மண்டபம், பிள்ளை பெயர் என்ன என்று கேட்டு, நாலு பேரை விசாரித்து வேறொரு மைக்செட்காரரைப் பிடித்தும் கொடுத்துவிட்டார். அவர்கள் மரியாதைக்குக் காதுகுத்துக்கு அழைத்தார்கள். அழைத்தால் பதிலுக்குப் போகாமல் இருப்பாரா? வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் வாயைத் திறக்கும் அவசியம் அவருக்கு அதிகம் வந்ததில்லை. குளத்தூர் போய்வந்த பிறகுதான் டீக்கடையில் புலம்பினார். "பந்தியில பக்கத்துல ஒக்காந்தவன் நீங்க எந்த வழிச் சொந்தம்னு கேக்குறான். என்னத்தச் சொல்றது? ராங் நம்பர் வழின்னா சொல்றது?"

என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எதிரெதிர் வீடு. எங்களுடையது ஓட்டு வீடு. அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். நான் சிங்கப்பூரில் ஏசி பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அம்மா அக்காவைத் திட்டாத நாள் கிடையாது. அக்கா வீட்டில் வைத்த குழம்பு எங்கள் வீட்டுக்கு வராத நாளும் கிடையாது.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் படத்துக்கு நிற்கமாட்டாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பொருத்தமான ரவிக்கை போட்டால் ஒழிய எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டமாட்டாள். எல்லாம் பொருந்தி வரும் நாளில் போட்டோ எடுக்க ஆள் இருக்காது. வீடியோ காலில் கூப்பிட்டால் போனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பேசுவாள். வருடக்கணக்காக நான் பார்த்துப் பேசியதெல்லாம் எங்கள் வீட்டுக் கூரையைத்தான். எந்த ஓடு விரிசல், எந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகும், எந்தச் சட்டத்தில் பல்லி குடியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தது வெளிநாட்டில் இருந்த நாங்கள்தான். கோயில் திருவிழாவுக்குப் பேசிக்கொள்ள என்று ஆரம்பித்தது, பிறகு அதில் எல்லாமே வந்தது. ஊரிலிருந்து சேர்ந்த பெண்களில் அக்காதான் முதல் ஆள். வந்த நாளிலிருந்து யார் எதைப் போட்டாலும் அக்காவின் பதில் உண்டு. துபாயில் ஒருவன் காலை வணக்கம் போட்டால் அவன் பெயரைச் சொல்லி வணக்கம், அவன் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று ஒரு விசாரிப்பு, கூடவே ரோஜாப்பூப் படம். எழுத வராது என்பதால் எல்லாம் குரலில்தான் வரும். நடுநடுவே அடுப்பில் பால் பொங்கும், கோழியை விரட்டுவார், நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில், பொதுச் செய்தி மட்டும்தான் போட வேண்டும் என்று குரூப்பில் விதி போட்டார்கள். அது யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அதற்கும், "ரொம்ப நல்ல யோசனைங்க தம்பி, அப்படித்தான் இருக்கணும்" என்று பதில் போட்டார். விதியை ஆமோதித்துக் கட்டைவிரல் காட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். நான் குரூப்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன்.

அப்போது ஒருமுறை லீவில் போயிருந்தபோது, "ஏங்க்கா இப்படி? ஒருத்தருக்குப் பதில் போடலைன்னா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டேன்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "கூப்புட்டுட்டு ஒருத்தவங்க நின்னுக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும் தம்பி எனக்கு. சோறு எறங்காது."

"அப்ப எங்கம்மா ரவிக்கை கேட்டு நிக்கிறது?"

"அது நாளைக்குத் தாரேன்னு பதில் சொல்லிட்டேன்ல?"

இனி, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்லமாட்டார்கள். என் அப்பா இறந்தபோது பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த போன், "அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலி. பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் சொன்னது. பயப்பட ஒன்றும் இல்லை என்று கேட்டவுடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விமானத்தில் வரும்போதே அழுது முடித்துவிட்டேன். எங்களில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு போன் கதை இருக்கும். அதனால் ஊரிலிருந்து வரும் ஆறுதல் வார்த்தைதான் எங்களுக்கு மிகப் பெரிய பயம். திட்டினால், சண்டை போட்டால், பணம் அனுப்பவில்லை என்று சாடினால் நிம்மதியாகத் தூங்குவோம்.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் புயல் என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் புயல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன். "அது கடக்கரையோட போயிரும், நம்ம ஊருக்கு எதுக்கு வருது?" என்றாள். எதற்கும் அக்கா வீட்டுப் பக்கம் போய்ப் படுத்துக்கொள் என்றேன். "அவ தொணதொணப்புக்குப் புயலே தேவல" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஊருக்கு எந்தப் போனும் போகவில்லை. அம்மா நம்பர், அக்கா நம்பர், டீக்கடை நம்பர், எதுவும் போகவில்லை. டிவியில் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். குரூப்பைத் திறந்தால் சிங்கப்பூர், துபாய், குவைத், மலேசியா, சென்னை, திருப்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் கேள்விகள். கேட்கிறவர்கள் மட்டும்தான் இருந்தோம், சொல்வதற்கு ஊரிலிருந்து ஒரு ஆள் இல்லை. விதி போட்டவனே, 'அக்கா, நீங்களாவது இருக்கீங்களா?' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே எல்லோரும் அதையே எழுதினார்கள். நானும் எழுதினேன். எல்லாமே ஒற்றை டிக்கோடு நின்றன.

என் அறையில் கூட இருந்தவர் பொன்னமராவதிக்காரர். அவர் வீட்டுக்குப் போன் நன்றாகவே போனது. "எங்க பக்கம் காத்து மட்டுந்தான் தம்பி" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் தன் வீட்டாரோடு எனக்குக் கேட்காத தூரத்தில்தான் பேசினார்.

மத்தியானம் குரூப்பில் ஒரு படம் வந்தது. வேறு எந்தக் குரூப்பிலிருந்தோ வந்ததை யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள். விழுந்து கிடக்கும் ஓட்டு வீடு. சுவர் சரிந்து, ஓடுகள் குவிந்து, நீலக் கதவு ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. கீழே எங்கள் ஊர் பெயர். எங்கள் மேலத்தெருவின் பெயர். 'சுவர் இடிந்து தனியாக வசித்த பெண்மணி பலி. அதிகம் பகிரவும்.'

எங்கள் தெருவில் தனியாக இருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. ஓட்டு வீடும் நீலக் கதவும் எங்களுடையது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் கூரையை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தரையில் குவிந்து கிடந்தபோது தெரியவில்லை. ஓடு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பொன்னமராவதிக்காரரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒங்க வீட்டுக் கதவுல பித்தளைக் குமிழு இருக்கா?" என்றார். இருக்கிறதா இல்லையா என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. பிறந்து வளர்ந்த வீடு.

படத்துக்குக் கீழே எழுதினேன். 'அக்கா, இது எங்க வீடா? அம்மா எப்படி இருக்காங்க?' ஒற்றை டிக்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அறையில் சாப்பிட உட்கார்ந்தபோது குரூப் திடீரென்று உயிர் பெற்றது. அக்காவின் குரல் வந்தது. பின்னால் காற்றும் லாரிச் சத்தமும்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நாந்தான் பேசுறேன். ஊருல கரண்டு இல்ல, டவரு இல்ல, ரோடு பூராம் மரம் கெடக்கு. எங்க வீட்டுக்காரவுக மொபெட்டுல வெச்சுக் கூட்டியாந்தாக. பாதி தூரம் வண்டிதான் எங்க மேல வந்துச்சு. புதுக்கோட்டை தாண்டி, திருமயம் ரோட்டுல ஒரு பாலத்துக் கட்டையில ஒக்காந்துருக்கேன். இங்கனதான் எடுக்குது. நீங்க கேட்டது எல்லாம் வந்துருக்கு. ஒவ்வொருத்தருக்கா வாரேன், இருங்க."

இருங்க என்று அவர் சொன்னதும் கையில் இருந்த சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தேன். குரூப்பில் எல்லோரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

அக்கா ஊரில் ஒரு வேலை செய்துவிட்டு வந்திருந்தார். போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லி வீடியோ எடுத்திருந்தார். முதலில் எடுக்க முடியவில்லையாம், போன் முழுக்க ரோஜாப்பூ. விழுந்த தென்னை மேல் உட்கார்ந்து காலை வணக்கங்களை எல்லாம் அழித்துவிட்டு எடுத்தாராம். அந்த வீடியோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் அக்காவே இருந்தார்.

கேமராவைத் திருப்ப மறந்துவிட்டார். ஒவ்வொரு வீடியோவிலும் அக்காவின் தாடை, மூக்குத்தி, சில நேரம் ஒரு காது, அவ்வளவுதான் தெரிந்தது. பேசுகிறவர்கள் அந்தப் பக்கம், படத்துக்கு வெளியே. "ஏய்யா, நாங்க நல்லாருக்கோம், மாடு மட்டும் போச்சு" என்று யாரோ ஒரு அப்பா பேச, அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவது தெரியும். குவைத்தில் இருப்பவன், 'எங்க ஆத்தா பேசிருச்சு' என்று எழுதினான். மலேசியாக்காரன் ஒன்றும் எழுதாமல் கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளினான். அக்கா ஒவ்வொருவருக்கும் நின்று, "ஆமாய்யா, பாத்தேன், நேருல பாத்தேன்" என்று சொன்னார்.

கீழத்தெருக்காரன் ஒருவன் தன் அம்மாவைக் கேட்டிருந்தான். அவனுக்கு வந்த பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒங்க அம்மாவ இன்னம் பாக்கல தம்பி. அங்கிட்டு வழி அடச்சுக் கெடக்கு. போயிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். பாக்காம நல்லாருக்காகன்னு வாயில வந்ததச் சொல்ல மாட்டேன்." அவன் அதற்கு, 'சரிக்கா. நன்றிக்கா' என்று எழுதினான். பார்க்கவில்லை என்று சொன்னதற்கு நன்றி. எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. மறுநாள் அக்கா போய்ப் பார்த்தார், அந்த அம்மாவும் நன்றாகவே இருந்தார்.

கேள்விகள் வந்த வரிசைப்படியே அக்கா பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் படம் உண்மையா, அதை முதலில் சொல்லுங்கள் என்று இடையில் புகுந்தவர்களுக்கும், "வாரேன், வாரேன்" என்றுதான் பதில். எனக்கு முன்னால் இருந்தவனுக்குப் பதில் வந்தது. அடுத்தது நான். என் கேள்வியை அமுக்கிப் பார்த்தேன், படித்தவர்கள் வரிசையில் அக்காவின் பெயர் இருந்தது. பார்த்துவிட்டார்.

பதில் வரவில்லை.

குரூப் பெயருக்குக் கீழே, அக்காவின் குரல் பதிவாகிறது என்று எழுத்து வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது. பதிவு செய்த இயந்திரக் குரலுக்கே பதில் சொல்லும் அக்கா, ராங் நம்பருக்குப் பந்திக்குப் போன அக்கா, எனக்கு மட்டும் பதில் சொல்ல முடியாமல் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒருவன், 'தைரியமா இருங்க பங்காளி' என்று எழுதினான். அந்த வரியைப் படித்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னமராவதிக்காரர் என் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "பாஸ்போர்ட் எங்க வெச்சுருக்கீங்க தம்பி?" என்றார். திருச்சி விமானம் எத்தனை மணிக்கு என்று தன் போனில் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது.

அதே தாடை, அதே மூக்குத்தி. அக்காவின் தலைக்குப் பின்னால், எங்கள் பலாமரம் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"எடுக்காதங்கிறேன்ல! வீடு விழுந்து கெடக்குற அழகப் புடிச்சு அனுப்பப் போறியாக்கும்? எம் புள்ள பாத்தான்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்."

"ஒரே ஒரு வார்த்த சின்னம்மா. நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? பொட்டி பூராம் நனஞ்சு கெடக்கு. மாத்திக் கட்ட ஒரு சீல இல்ல, போட ஒரு ரவிக்க இல்ல. ஆடி மாசம் குடுத்த துணி! ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு, தீவாளியும் போச்சு. நீ ஒழுங்காத் தச்சுக் குடுத்துருந்தா இன்னைக்கு அதப் போட்டுக்கிட்டு வந்து நின்னுருப்பேன்ல? போனத் தூக்கிக்கிட்டு வந்துட்டா, ஊசியத் தூக்கத் துப்பில்ல!"

"நாளைக்குத் தாரேன் சின்னம்மா..."

"எந்த நாளைக்கு? கரண்டு இருக்கா, மேல கூர இருக்கா? போடி அங்கிட்டு!"

ஏதோ ஒன்று பறந்து வந்து விழும் சத்தம். தேங்காய் மட்டையாக இருக்கலாம். அக்காவின் தலை சட்டென்று குனிந்தது. வீடியோ முடிந்தது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். பொன்னமராவதிக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ஆத்தா நல்லாத் திட்டுது" என்று மனநிறைவோடு சொல்லிவிட்டு என் பையைத் தூக்கி மறுபடி பரணில் வைத்தார். இறக்கி வைத்த பாரம் என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் உடம்பில் உணர்ந்தேன். மூடி வைத்த சோற்றைப் பிரித்து ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

அதன் பிறகு அக்காவின் குரல் வந்தது. "அந்தப் படம் நம்ம ஊரே இல்லங்க. யாரு எடுத்தா, எங்க எடுத்தான்னு தெரியாம இனிமே யாரும் போடாதீங்க, வயித்துல புளியக் கரைக்காதீங்க. மேலத்தெருவுல வீடுதான் போச்சு, ஆளு அத்தன பேரும் பள்ளிக்கூடத்துல படுத்துருந்தோம். தம்பி, ஒங்க அம்மா பேசுனத அனுப்ப மாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன். நீ பாத்ததா வெளிய சொல்லிராத." இதை ஊர் குரூப்பில் அத்தனை பேர் கேட்கச் சொன்னார்.

அம்மா பயந்தது போலவே நான் வேலையில் லீவு சொல்லிவிட்டு அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். எங்கள் வீடு உண்மையாகவே விழுந்துதான் கிடந்தது. கதவில் பித்தளைக் குமிழ் இருந்தது. அக்கா தன் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் மிஷினைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏங்க்கா எனக்கு மட்டும் பதில் சொல்ல அவ்வளவு நேரம்? அம்மா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்கா மிஷினை நிறுத்தினார். "சொல்லிச் சொல்லி அழிச்சேன் தம்பி. அம்மா நல்லாருக்காக, பயப்படாதன்னு பேசிப் பாத்தேன். எனக்கே கேக்க நல்லால்ல. ஒங்க அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஒங்க பெரியப்பா பேசுனாரே, அதே மாதிரி இருந்துச்சு. அந்தப் படத்தப் பாத்தவன் அதக் கேட்டா என்ன நெனப்பான்? வேற மாதிரி பேசுனேன், அதும் அப்படியே இருந்துச்சு. அப்பறம்தான் இவுக சொன்னாக, அந்தத் திட்டு வாங்குனத அனுப்பு, அதுலதான் உசுரு இருக்குன்னு."

பேசாத அவர் வீட்டுக்காரர் வாழ்நாளில் சொன்ன நல்ல யோசனை அது. அக்காவுக்குச் சத்தியம் தடுத்திருக்கிறது. சத்தியமா, கேட்டு நிற்கிறவனா என்று பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் அவர், "இருக்கட்டும் தம்பி" என்று பதில் சொன்னார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்து அக்காவோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். குழம்புக் கிண்ணம் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. குரூப்பில் விதியை எடுத்துவிட்டு அக்காவை அட்மின் ஆக்கினார்கள். மறுநாளே எதையோ அமுக்கிக் குரூப்பைவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பச் சேர்த்தோம்.

சில வருடம் கழித்து, மகளோடு இருக்க அக்கா திருப்பூர் போனார். போவதற்கு முன் தைக்காமல் கிடந்த துணிகளையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவின் துணியை மட்டும் கொடுக்கவில்லை. "அது எங்கிட்ட இருக்கட்டும் சின்னம்மா, தச்சு அனுப்புறேன்" என்றார். அம்மாவும் கேட்கவில்லை. வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்கவும் இல்லை. மழைக்காலம் வந்தால் அக்கா திருப்பூரிலிருந்து ஊரை விசாரிப்பார். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார், கேட்டும் சொல்வார்.

போன கார்த்திகையில் நான் ஊரில் இருந்தேன். இப்போது எங்களுடையது தளம் போட்ட வீடு, வீடியோ காலில் பார்க்க ஒன்றுமில்லாத வெள்ளைக் கூரை. திருப்பூர் பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் கத்தரிப்பூ நிறத்தில் ரவிக்கை. அந்த ஆடி மாதத்துத் துணி.

அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள். வெளியே வரும்போது நல்ல சேலை, வாரிய தலை, அந்த ரவிக்கை. சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"ஏய்யா, அந்த போன எடு."

"எதுக்கும்மா?"

"வீடியோ புடிச்சு அவளுக்கு அனுப்பு."

கேமரா என் பக்கம் திரும்பியிருக்கிறதா, அம்மா பக்கம் திரும்பியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அம்மா மாராப்பைச் சரிசெய்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏத்தா, நல்லாருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான். அனுப்பினேன். போனைக் கீழே வைப்பதற்குள் அக்காவின் குரல் வந்துவிட்டது. பின்னால் மிஷின் ஓடி நிற்கும் சத்தம்.

"சின்னம்மா, ராணி மாதிரி இருக்கீங்க. கைதான் கொஞ்சம் லூசா இருக்கு. கழட்டிக் குடுத்து விடுங்க, நாளைக்கே சரி பண்ணித் தாரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். மாற்றிக்கொண்டு வந்து, மடித்த ரவிக்கையை என் கையில் கொடுத்தாள்.

"பார்சல் கட்டு" என்றாள்.